ஹேண்ட்பிரேக் விளக்கு

மூன்றாவது முறையாக அந்தப் பழைய கார் பட்டறை வாசலில் வந்து நின்றதும் மெக்கானிக்குக்கு அலுப்புத் தட்டியது. டேஷ்போர்டில் ஹேண்ட்பிரேக் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்ற அதே புகார்தான். ஃபியூஸ், ஸ்விட்ச், எர்த் ஒயர் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் ஓட்டினால் எரிவதில்லை. காருக்குச் சொந்தக்கார அம்மா ஓட்டினால்தான் எரிகிறதாம்.

“ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்கிட்டுத்தான் வண்டியை எடுக்குறீங்களாம்மா?”

“இறக்காம எடுப்பேனா? எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் பக்கத்துல உக்காந்து அதைப் பிடிச்சுக்கிட்டேதான் வருவார். நான் ஓட்டுறதுல அவ்வளவு நம்பிக்கை.”

அந்த அம்மாவையே ஓட்டச் சொல்லிவிட்டு மெக்கானிக் முன்கதவில் கை வைத்தார்.

“பின்னாடி உக்காருங்களேன்” என்றார் அந்த அம்மா. ஏனென்று கேட்கக்கூட மெக்கானிக்குக்குத் தெம்பில்லை.

கடைத்தெரு வரைக்கும் விளக்கு எரியவில்லை. முனை திரும்பும்போது எதிரே ஒரு லாரி வந்தது. டக்கென்று சத்தம் கேட்டது. விளக்கு சிவப்பாக எரிந்தது. மெக்கானிக் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். முன்சீட்டுகளுக்கு நடுவே ஹேண்ட்பிரேக் ஒரு பல் மேலே ஏறியிருந்தது. அந்த அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“பார்த்துட்டுத்தாங்க இருக்கேன். இறக்குங்க” என்றார் அந்த அம்மா சலிப்பாக, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹேண்ட்பிரேக் நுனியில் இருந்த பொத்தான் உள்ளே அமுங்கியது. ஹேண்ட்பிரேக் மெதுவாகக் கீழே இறங்கியது. விளக்கும் அணைந்தது.

பட்டறைக்குத் திரும்பும்வரை அமுங்கிய பொத்தான் வெளியே வரவில்லை.