பூஜ்யம் புள்ளி பத்து

"பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு அப்புறம் ஒண்ணுதானே மாப்பிள்ளை வரணும்? அதை நம்பி மண்டபத்துக்குத் தேதி சொல்லிட்டேனே!"

லிஃப்ட் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த வருங்கால மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது.

நூலகங்களுக்காக ஆறு வருடமாக இலவச மென்பொருள் ஒன்றை எழுதிவருகிறான் அவன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். அது 'ஒன்று' என்ற பதிப்பு எண்ணோடு வெளியான பிறகுதான் கல்யாணம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"அது தசமப் புள்ளி இல்ல மாமா. உங்க லிஃப்ட் மாதிரி. ஒன்பதாவது மாடிக்கு மேல பத்தாவது மாடிதானே? அதான் பூஜ்யம் புள்ளி பத்து."

"அப்ப பதினொண்ணு, பன்னெண்டுன்னு ஏறிக்கிட்டே போகுமா?" மெக்கானிக் விரல்விட்டு எண்ணினார்.

"ஒரு குறைகூட பாக்கி இல்லாதப்பதான் ஒண்ணு போடணும்னு எங்க குழுவுல விதி. எழுதினதே நான்தான், நானே மீற முடியுமா? ராத்திரி பகலா எல்லாத்தையும் சரி பண்ணி முடிக்கிறேன். நீங்க தேதி கேட்டுட்டு வர்ற அன்னிக்கே எவனோ புதுசா ஒரு குறையை அனுப்பிடுறான். பேர்கூட போடறதில்ல."

"கண்டுக்காம விட்டுடுங்களேன்."

"எப்படி மாமா? அத்தனையும் நிஜமான குறை!"

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே அனுப்பிக்கிறீங்களா? பொண்ணைப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க."

"சத்தியமா இல்ல மாமா." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெண் மேஜையருகே லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஆரம்பத்தில் இந்த இடம் வேண்டாம் என்று மூன்று நாள் முரண்டு பிடித்தவள்தான். அப்பா போட்ட சத்தத்துக்குப் பிறகு வாயே திறப்பதில்லை, மெக்கானிக்கும் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தொங்கிய முகத்தோடு கிளம்பிப் போனான்.

"பாவம்மா, நல்ல பையன். எவனோ வேலையத்தவன் அவன் உயிரை வாங்குறான். எனக்கு ஒண்ணும் புரியல, யார்கிட்ட போய்ச் சண்டை போடறதுன்னும் தெரியல." மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசத்துக்கு வேற தேதி கேட்டுப் பார்க்கட்டுமா?"

மகள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"வேண்டாம்ப்பா, இன்னும் பதினேழு குறை கண்டுபிடிச்சு வச்சிருக்கேன்."