விழுங்கனின் முத்திரை

ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டிக்குள் நோயணுக்களை விழுங்கும் விழுங்கிகள் இனத்து வெள்ளையணு ஒருவன் இருந்தான், பெயர் விழுங்கன். அந்தக் கட்டியை வளர்த்த, ஆந்தையின் கண்கள்போலத் தெரியும் ஆந்தைக்கண் புற்றணுவைத் தின்று தீர்க்கத்தான் அவன் வந்தான். "வாங்க மாப்பிள்ளை, முதல்ல சாப்பிடுங்க" என்று ஆந்தைக்கண்ணன் உபசரித்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அப்படி வந்த விழுங்கிகள் எல்லாரும் கடைசியில் புற்றுக்கே மதிலாகிப் போனார்கள்.

ஒருநாள் மருத்துவர் கட்டியில் விழுங்கன் இருந்த சிறு துண்டை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். பழுப்புச் சாயம் வந்தது.

"விழுங்கிகள் யார் யார்? மார்பு முத்திரையைக் காட்டுங்கள், நிறம் பூச வேண்டும்" என்றது சாயம்.

பக்கத்தில் இருந்தவன் விழுங்கன் காதில் கிசுகிசுத்தான். "மூடிக்கடா! நாம இத்தனை பேர்னு தெரிஞ்சா நோய் முத்தினதுன்னு வலுவான மருந்து இறக்குவாங்க. உங்க அண்ணன் இன்னும் கட்டிக்குள்ளதானே இருக்கான்? அவனும் சேர்ந்து போவான்."

"தெரியலைன்னா?"

"லேசான மருந்தோட விட்டுடுவாங்க."

"அதுல அந்தப் பொண்ணு பிழைக்குமா?"

அவன் தன் முத்திரையைக் கையால் மூடிக்கொண்டான்.

தான் காவலனா, கூட்டாளியா என்று விழுங்கன் வெகுகாலமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். இப்போதும் விடை தெரியவில்லை. ஆனாலும் மார்பை நிமிர்த்தினான்.

"நல்லா அழுத்திப் பூசுங்க. பார்க்கிறவங்க கண்ணுக்குத் தப்பக் கூடாது."

அவனைப் பார்த்து இன்னொருவன் நிமிர்ந்தான். பிறகு வரிசையாகப் பலர். தகடு முழுவதும் பழுப்பேறியது.

மேலே, நுண்ணோக்கியின் லென்ஸில் ஒரு கண் விரிந்தது. "இவ்வளவு பேரா! இந்தப் பெண்ணுக்கு வலுவான மருந்தையே தொடங்கிவிடலாம்" என்றது ஒரு குரல்.

விழுங்கன் அண்ணனை நினைத்துக்கொண்டான். முத்திரையை மூடவில்லை.