வண்டி ஓட்டத் தகுதி

"தூக்கம் நார்மல்," என்று எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டர்.

"நார்மல்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எல்லாம் பழக்கதோஷம். தலை நரைக்கும்வரை ரயில் ஓட்டியவர். எஞ்சினுக்குள் துணை ஓட்டுநர் சிக்னலைப் பார்த்து 'பச்சை' என்றால், இவரும் பார்த்து 'பச்சை' என்று திருப்பிச் சொல்லியாக வேண்டும். அது விதி. பக்கத்தில் இருப்பவர் ஒன்று சொல்ல, இவர் வேறொன்று சொன்ன நாளே கிடையாது. வாய் அப்படிப் பழகிப்போயிருந்தது.

"பசி நார்மல்."

"நார்மல்."

பொய். தட்டின் முன் உட்கார்ந்தாலே குமட்டுகிறது.

ரயில்வே ஆஸ்பத்திரி வாசலில் மனைவி சந்தனமாரி காத்திருந்தாள். உள்ளே அனுப்பும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"ஒண்ணையும் மறைக்காதிய. டாக்டர் நோய்னு எழுதிட்டார்னா ஆபீஸ் வேலையாவது குடுப்பாவ. இல்லன்னா நாளைக்கே வண்டியில ஏத்திருவாவ."

நாளைக்கு வண்டி ஏறினால், தான் உயிரோடு இறங்கப்போவதில்லை என்று இவருக்குத் தோன்றிவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்தார்.

கடைசியாக வண்டி ஓட்டிய அன்று ஒரு பெண் தண்டவாளத்தின் நடுவில் நின்றாள். பட்டப்பகல். ஹாரன் அடித்தார். பிரேக்கை முழுதாகப் போட்டார். ரயில் என்ன சைக்கிளா, நினைத்த இடத்தில் நிற்க?

அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

வண்டி நின்றது. அவளைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது.

இப்போது சந்தனமாரி முந்தானையை இழுத்துவிட்டால்கூட இவர் கை காற்றில் பிரேக்கைத் தேடுகிறது. அவளும் சேலை கட்டுவதை விட்டுவிட்டாள். இன்று மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு வந்திருந்தாள்.

டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பாவம், சின்ன வயது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். படித்த முறை ஒன்று அவரிடம் இருந்தது. இத்தனை அறிகுறி இருந்தால் இந்த நோய். குறைந்தால் வெறும் மன அழுத்தம். அதுவும் இல்லையென்றால் வேலைக்குப் போகலாம்.

"பழைய நினைப்பு, பயம், ஒண்ணும் இல்லை."

சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கதறினார்.

"இல்லை," என்றது வாய்.

டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

"நாளையிலிருந்து டியூட்டிக்குப் போகலாம்."

"போகலாம்."

எழுந்தார். கதவுவரை போனார். கைப்பிடியைத் தொட்டவர் அதைத் திருகவில்லை.

திரும்பி வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எனக்கு பிரேக் போடத் தெரியலன்னு எழுதிருங்க."

எந்த ஓட்டுநரும் தன் வாயால் சொல்லாத சொல் அது.

டாக்டர் நிமிர்ந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"உட்காருங்க. அந்தப் பொண்ணுக்கு முன்னாடி, உங்க வண்டியில எத்தனை பேர்?"

இந்தக் கேள்வியில் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை.

அவர் உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்.

ஒரு கை முடிந்ததும், மறு கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.