எந்த அறையில்?

வெள்ளவத்தையில் சட்டத்தரணி மக்கீனின் மாடி அறைக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. கீழே காலி வீதியில், சோதனைச் சாவடி மறித்து வைத்த பஸ்கள் விடாமல் ஹோர்ன் அடிக்கின்றன. மேசையில் வழக்கு மனு கையொப்பத்துக்காகக் கிடக்கிறது. பதின்மூன்று வயதில், படிக்கப் போன வீட்டில் வைத்துத் தன்னைப் பலாத்காரம் செய்த ரியூஷன் மாஸ்டர் இறந்துவிட்டதால், அவர் விட்டுப்போன சொத்தின் மீது தவமலர் நட்டஈட்டு வழக்குப் போடுகிறாள். அதைத் தடுக்க வந்திருக்கும் மாஸ்டரின் மனைவி பாலேஸ்வரி, கைக்குட்டையை விரலில் சுற்றியபடி எதிரே இருக்கிறார்.

“செத்த மனுசனை விடு பிள்ளை. இனி ஆரைத் தண்டிக்கிறது?”

“தண்டிக்க இல்லை அன்ரி. எனக்கு நடந்தது உண்மையெண்டு கோர்ட் சொல்லவேணும்.”

தவமலரின் குரல் நடுங்கவில்லை. மடியில் கைகள்தான் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கடலோர ரயில் கடந்து போக, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சத்தம் அடங்கியபின் பாலேஸ்வரி மெல்லக் கேட்கிறார்: “எந்த அறையில?”

“நீங்கள் சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில.”

கைக்குட்டை சுற்றும் விரல் நின்றுவிடுகிறது. “ஒருநாள் அந்தக் கதவு பூட்டியிருந்தது. தட்டினனான். உள்ளுக்கை பிள்ளை சோதனை எழுதுது எண்டார் அவர்.”

மக்கீன் நிமிர்கிறார். “இதைக் கோர்ட்டில சொல்லுவீங்களா?”

“மகன் என்னை வீட்டில வைச்சிருக்கமாட்டான்,” என்று பாலேஸ்வரி தலைகுனிகிறார்.

தவமலர் அவரின் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பேனாவை எடுத்து, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிடுகிறாள்.