மணியை முந்தும் மூக்கு

வேலப்பன் கண்களை மூடி, மேசையில் பரப்பியிருந்த அரைத்த தேயிலைக் கொழுந்தின் மேல் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார். "போதும், அடுப்புக்கு அள்ளு!" என்றார். பெண்கள் பாதி அள்ளிய பிறகுதான் சுவரிலிருந்த பெட்டி மணியடித்தது.

"பொட்டி இப்பதான் தூங்கி எந்திரிக்குது லா! ஏம் பாஞ்சாலை, ஒங்கப்பன் காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு வர்ற மாதிரியே பிந்தி வருதே!" என்று வேலப்பன் கேலி செய்தார்.

தொழிற்சாலையே சிரித்தது. இதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் பாஞ்சாலை. கொழுந்து சிவக்க வழக்கமாக விடும் நேரத்தை அளந்து மணியடிக்கும் பெட்டி அவள் செய்தது.

"நாளைக்கும் பிந்தினா, பொட்டியத் தூக்கிக்கிட்டு நீயும் லோரி ஏறிடு," என்றார் தோட்டத்தை நடத்தும் துரை.

மூக்கைக் காட்டிப் பிழைக்கும் ஆள் என்று தேயிலைக்குப் பதம் பார்க்கும் டீமேக்கர் வேலப்பனை அவள் மனத்துக்குள் இகழ்ந்திருந்தாள். ஆனால் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தபோது தவறு பெட்டியில்தான் இருந்தது. அது அவளைச் சுட்டது.

மாலையில் பெட்டியைத் திறந்தாள். சில்லுக்குள் இருக்கும் டைமர் ஒவ்வொரு முறை நிரம்பியதும், அதை மறுபடி ஓடவிடச் சிறு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தை அவள் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள். அதுதான் ஆயிரக்கணக்கில் சேர்ந்து மணியைப் பிந்த வைத்தது. நிரலைத் திருத்தி ஏற்றினாள்.

பெட்டியின் கம்பியைத் திரும்பப் பற்றவைக்கையில் சூட்டுக்கோல் பட்டுச் சாக்கு கருகி நாறியது. பெண்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். பக்கத்திலேயே வேலப்பன் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா நோண்டினாலும் பொட்டிக்கு மூக்கு மொளைக்காது, தங்கச்சி," என்றார்.

மறுநாள் விடியலிலிருந்தே மழை. துரை வந்து நின்றார்.

வேலப்பன் குனிந்தார். மூச்சை இழுத்தார். "போதும்!" என்றார். அதே நொடியில் மணி அடித்தது.

பெண்கள் கைதட்டினார்கள். "ரெண்டும் ஒண்ணா வந்துருச்சே! சரி, பொட்டி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் துரை போனார்.

பாஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக் குளிரில் கொழுந்து சிவக்கக் கூடுதல் நேரம் வேண்டும். மேசையில் அது இன்னும் பச்சையாகக் கிடந்தது. பச்சை வாடை அவளுக்கே அடித்தது. பெட்டிக்கு அது தெரியாது, அதற்கு நேரம் மட்டும்தான் தெரியும். மூக்குக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நேற்றுச் சாக்கு கருகி நாறியபோதும் அவர் மட்டும் விலகவில்லையே.

இந்த மனிதருக்கு முன்னாலா நேற்று கூசி நின்றோம் என்று நினைத்தாள். அவர் மேல் எழுந்த இகழ்ச்சி தன் மேலும் வழிந்தது. நெருங்கிப் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்ணே, வாட்ச எந்தப் பையில ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"