தறி நின்ற நேரம்

"செல்போன்ல, அதுவும் சத்தமே கேக்காம படம் பாத்துட்டு, உலகத்துலயே பெரிய டைரக்டர் யாருன்னு சொல்ல வந்துட்டாக."

மூன்றாம் எண் போட்டியாளர் இப்படிச் சொன்னதும் அரங்கம் சிரித்தது. நடுவர் சண்முகையாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சங்கரன்கோவில் வாசகர் வட்டம் ஆண்டுதோறும் நடத்தும் சொற்போர் அது. இந்த வருடத் தலைப்பு, ‘எக்காலத்துக்கும் தலைசிறந்த திரைப்பட இயக்குநர் யார்?’ தென்காசியில் சினிமா பாடம் நடத்தும் சண்முகையா, நடுவராக வரச் சம்மதித்தபோதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். போட்டியாளர்களைப் பற்றி எதுவும் தமக்குத் தெரியக் கூடாது, எண் மட்டும் போதும். இறுதிச் சுற்றுக்கு முன் அமைப்பாளர் ரசூல், "சார், இந்த ரெண்டு பேரையும் பத்தி..." என்று காதருகே குனிந்தபோதும் கையமர்த்திவிட்டார்.

மூன்றாம் எண்காரர் நான்கு வருடமாகத் தொடர்ந்து ஜெயித்தவர் என்பது மட்டும் முன்வரிசைப் பேச்சில் காதில் விழுந்திருந்தது. ஆள் கெட்டிக்காரர்தான். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவுக்காக வாதாடினார். மழையையும் காற்றையும் நடிக்க வைத்தவர் வேறு யார் என்று கேட்டு அரங்கத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

ஏழாம் எண், நாற்பது வயதுப் பெண். மேடைக்குப் புதியவள் என்பது மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. விசைத்தறிக் கூடத்தில் வேலை என்றாள். சாப்ளின் பெயரைச் சொன்னாள். சொன்ன நிமிடத்திலிருந்து மூன்றாம் எண்காரர் அவளை விடவில்லை. சாப்ளின் சிரிப்பு நடிகர்தானே, டைரக்டர் வரிசையில் எப்படிச் சேர்ப்பது என்றார். எத்தனை புத்தகம் படித்திருக்கிறீர்கள் என்றார். மற்ற போட்டியாளர்களிடம் காட்டிய மரியாதையில் பாதிகூட இவளிடம் காட்டவில்லை. அவர் ஒவ்வொரு முறை குத்தும்போதும் ஊர்க்காரர்கள் வேறு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் தனியாக நின்று பேசினால் இப்படியா என்று சண்முகையாவுக்குக் கோபம் வந்தது. மணியை அடித்து அவரைக் கண்டிக்கலாமா என்றுகூட யோசித்தார்.

அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமா, செல்போன்லதான் பாத்தேன். எங்க கூடத்துல பன்னண்டு தறி ஒண்ணா ஓடும். பக்கத்துல நிக்கவ கத்துனாக்கூட காதுல விழாது. அறுந்த நூல முடியுத நேரம் போக, போனச் சாத்தி வச்சுப் படம் பாப்போம். இவுக சொல்லுத ஆளு படத்தையும் அப்படித்தான் பாத்தேன். மழை பிரமாதம். ஆனா யாரு யார எதுக்கு வெட்டுதாகன்னு கடைசி வரைக்கும் வெளங்கல."

இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது.

"சாப்ளின் படம் போட்ட அன்னைக்கு, பக்கத்துத் தறிக்காரி எட்டிப் பாத்தா. தறிய நிறுத்திட்டு வந்து நின்னா. அப்புறம் இன்னொருத்தி. ஒவ்வொரு தறியா நின்னு போச்சு. என்ன, சத்தத்தையே காணோம்னு முதலாளி பதறி ஓடி வந்தாரு. ஏசிக்கிட்டேதான் வந்தாரு. போனப் பாத்தாரு. அவரும் நின்னுட்டாரு."

அவள் எதிராளியை நேராகப் பார்த்தாள்.

"திரை உள்ளங்கையளவு. காது கேக்கல. பாஷை தெரியாது. அம்புட்டும் போன பெறகும் நெஞ்ச என்னமோ செய்யுதுல்லா, அதுக்குப் பேருதான் டைரக்‌ஷன். புத்தகத்துல வேற மாதிரி போட்டிருந்தா, புத்தகத்தத் திருத்திக்கிடுங்க."

அரங்கத்தில் எழுந்த கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. இருபது வருடமாகப் பாடம் நடத்திய சண்முகையா, அந்த வாக்கியத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் எண்காரர் தலையைக் குனிந்து கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் தேவைப்படவில்லை. ஏழாம் எண்ணுக்கான உறையைப் பிரித்துப் பெயரைப் படித்தார். இசக்கிசெல்வி. அவள் வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டாள்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் சண்முகையா பஸ் நிலையத்துக்குக் கிளம்பினார். வாசலில் மூன்றாம் எண்காரர் பைக்கை நிறுத்திக் காத்திருந்தார். இசக்கிசெல்வி கேடயத்தோடு வெளியே வந்ததும், "ஏட்டி, இங்கன வா" என்று அதட்டலாகக் கூப்பிட்டார்.

சண்முகையாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வேகமாகப் போய் இருவருக்கும் நடுவில் நின்றார். மேடையில் தோற்றதற்கு வெளியில் வைத்துப் பழி தீர்ப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று கடுமையாகவே சொன்னார். தேவைப்பட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார்.

இசக்கிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. சண்முகையாவைச் சுற்றிக்கொண்டு போய், பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிடாதிய சார், இவ என் வீட்டுக்காரி" என்றார் அவர். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. "பத்தொம்பது வருசமா தெனமும் சோத்துத் தட்டுக்கு முன்னால இவகிட்ட வாதாடித் தோத்துக்கிட்டு இருக்கேன், சொன்னா ஒரு பய நம்பல, இன்னைக்குக் கொஞ்சம் எறங்கிப் பேசியிருந்தாலும், பொண்டாட்டிக்கு விட்டுக் குடுத்துட்டான்னுல்லா சொல்லியிருப்பானுவ."