அன்வரி அக்காவின் தேதி

அன்வரி பேகம் மறுபடியும் மிஷினை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு நின்றாள்.

"தோல் கட்டியா இருக்குது, ஊசி உடையுது. இத நான் தைக்க மாட்டேன் சார்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அந்த லைன் முழுக்கப் பெண்கள்தான். மாதம் தவறாமல் நடக்கிற கூத்து இது. சூப்பர்வைசர் நத்தானியேல் ஓடி வந்தார். பின்வரிசையில் சாரா சிரித்தாள்.

"காலண்டரே வாணாம்டி. அன்வரி அக்கா கத்துனா தேதி நெருங்கிடுச்சின்னு அர்த்தம்."

அன்வரி தைத்துத் தள்ளினால்தான் அடுத்த மிஷினில் இருக்கிற ஃபீபிக்கு வேலை. கை சும்மாயிருக்கவே அவள் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்கும் மாதவிலக்குத் தேதிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. வயிறு உப்பி, இடுப்பு விட்டுப்போய், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே அழுகை வருகிற நேரம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் தேதியும் சேர்ந்தே வரும் என்று லைனில் சொல்வார்கள். அதே அவஸ்தைதானே எனக்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்கவில்லையா என்று ஃபீபிக்கு எரிச்சலாக வந்தது.

வேலூரில் நர்ஸாக இருக்கும் அவளுடைய நாத்தனார் ஒரு வழி சொல்லியிருந்தாள். தயிரில் இருக்கிற நல்ல கிருமி வயிற்றுக்குள் போனால் உப்புசம் குறையும், சிலருக்கு அந்த நாள் படபடப்புகூட அடங்கும், தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பார் என்றாள். ஃபீபி தினமும் கொண்டுவந்தாள். ஆனால் ஒரு மாதமாக அந்தத் தயிரை அன்வரிக்குத்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தாள். தன் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் வாயைப் பொறுக்க முடியவில்லை.

தயிரும் வீணாகப் போயிற்று.

அன்றைக்கு அன்வரிக்கு மூன்றாவது மெமோ. மூன்று மெமோ என்றால் வேலை போய்விடும். சாட்சிக் கையெழுத்துக்கு நத்தானியேல் ஃபீபியைக் கூப்பிட்டார். அவள் தயங்கினாள். கோணல் தையலுக்காக அவள் பேரிலும் இரண்டு மெமோ இருந்தது. புருஷன் ஏசுராஜ் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினாள். அன்வரி புர்கா மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"உன் பொண்ணு புஷ்ராவுக்கு ரெண்டு மாசத்துல நிக்காஹ் வெச்சிக்கினு, இப்படிப் பண்ணிட்டியேக்கா. நாலு நாள் வாய அடக்க முடியாதா? தேதி வந்தா எல்லாருக்கும்தான் பேஜாரா இருக்குது. அதுக்குன்னு சண்டை போடறமா?"

அன்வரி அவளையே பார்த்தாள். கோபமில்லை.

"எனக்கு ஏதும்மா தேதி? கர்ப்பப்பைய எடுத்தே ஆறு வருஷம் ஆச்சு."

ஃபீபிக்குப் புரியவில்லை.

"அப்புறம் எதுக்குக்கா மாசாமாசம் சார்கிட்ட மல்லுக்கு நிக்கிற?"

அன்வரி கிட்டே வந்தாள். ஃபீபியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அந்த நாலு நாளும் உனக்குக் கை நடுங்குது, தையல் கோணிக்குது. என் மிஷின் நின்னா உனக்கு வேலை வராது, செத்த நேரம் தலையச் சாய்ச்சிக்குவ. அடுத்த மாசம் ஜாக்கிரதையா தைம்மா, நிறுத்தறதுக்கு நான் இருக்க மாட்டேன்."